சித்ரா பாலம், மணி இரண்டு

இருநூற்றுப் பத்து தினாருக்கு வாங்கிய
பதினாறு வயது ஹோண்டா
கையை லேசாக எடுத்தால் இடப்பக்கம் இழுக்கிறது.
விற்றவன் சொன்னான்: காற்று, அண்ணே.
பஹ்ரைனில் எதற்கும் காற்றைச் சொல்லலாம்,
ஜூன் முடியும்வரை யாரும் மறுக்க முடியாது.

சித்ரா என்றால் இங்கே ஒரு தீவு.
போனில் அந்தப் பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.
ராத்திரி ரெண்டு மணிக்குச் சித்ராகிட்ட என்ன வேலை?
டெலிவரி, என்றேன்.
பிரியாணி ரெண்டு, தயிர்ப் பச்சடி தனியாக.

அறுபதில் ஒன்றுமில்லை.
ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கைத் தொடாமல்
ஐம்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கும்போது
ஹேண்டில்பார் தலையாட்டும்,
கடன் கேட்டவனிடம் இல்லை என்பதுபோல
சின்னதாக, வேகமாக.

வண்டி பொய் சொல்லாது என்பார்கள். சொல்லும்.
பின்சக்கரம் செய்த தப்பை
முன்சக்கரத்தின் தலையில் கட்டும்.

முன் டயரின் பக்கவாட்டில் நான்கு எண்: 3113.
பதின்மூன்றாம் வருடம், முப்பத்தோராம் வாரம்.
அந்த ஆகஸ்டில் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன்.
ரப்பர் கல்லாகிவிட்டது. பட்டன் மட்டும் புதிதுபோல இருக்கிறது.

மாசானமுத்து
செங்கல் வரிசைக்குக் கட்டும் நூலை எடுத்துவந்தான்.
அறைக்குக் கீழே கார் பார்க்கிங்கில்
செல்போன் வெளிச்சத்தில் மண்டியிட்டு
பின் டயரைத் தொட்டு முன்னால் இழுத்துப் பிடித்தோம்.
இடப்பக்க நூல் முன் டயரை உரசுகிறது,
வலப்பக்கம் ஒரு விரல் சந்து.
சுவராயிருந்தா இடிக்கச் சொல்லிருப்பேன், என்றான்.
செயின் பக்கம் மூன்றாவது கோடு, எதிர்ப்பக்கம் நாலரை.
யாரோ ஆர்டர் கையில் வைத்துக்கொண்டு முடுக்கிய நட்டு.

நேராக்கினோம்.
இழுப்பு பாதியாயிற்று.
தலையாட்டல் அப்படியே.

சல்மாபாத் ஷெட்டில் குல்ஃபராஸ்
என்ஜினுக்கு அடியில் ஆயில் டின்னை முட்டுக்கொடுத்து
முன்சக்கரத்தை அந்தரத்தில் விட்டார்.
கண்ணை மூடு. இரண்டு விரலால் திருப்பு.
இடக்கோடியிலிருந்து வழுக்கி வந்தது,
நடுவில்
கொடக்கென்று உட்கார்ந்தது.
சீதா, என்றார்.
அவர் மொழியில் அது நேர்.
(இந்த ஊரில் சீதாவும் பெண் இல்லை.)

கழற்றிய கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவிக் காட்டினார்.
பால்ரஸ் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்து
வளையம் முழுக்கச் சின்னச் சின்னக் குழி,
அம்மைத் தழும்புபோல.
நேராகவே ஓடிய வண்டிக்கு வருவது இது.
நேராகப் போவது என்றால்
நொடிக்கு நொடி கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருப்பது.
குழி அதற்கு விடாது.
நகர்ந்தால் திரும்ப உள்ளே பிடித்துப் போடும்.

டயரையும் சேர்த்து மாற்றிவிடலாமே, என்றேன்.
குல்ஃபராஸ் கையைத் துடைத்தார்.
ஒன்றை மாற்று. ஓட்டு. பிறகு அடுத்தது.
ரெண்டையும் மாற்றினால் எது நோயென்று எப்படித் தெரியும்?

பிப்ரவரியில் ஒரே வாரத்தில்
வேலை, அறை, சிம் கார்டு
மூன்றையும் மாற்றினேன்.
தூக்கம் வந்தது.
வீட்டிலிருந்து போன் வருவது குறைந்தது.
எதனால் எது, இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி
பாலத்தின் கொடிகள் எல்லாம் கம்பத்தில் ஒட்டிக் கிடந்தன.
சட்டை முதுகில் பிசுபிசுத்தது.
இதைவிட நல்ல பரிசோதனைச் சாலை கிடைக்காது.
ஐம்பது. நாற்பத்தைந்து.
ஹேண்டில்பாருக்கு ஒரு அங்குலம் மேலே என் கைகள்.
தலையாட்டல் இல்லை.
ஒன்பது எண்ணும்வரை சீதா.
பத்தில், கொஞ்சமாக,
இடப்பக்கம்.

பாலம் முடிந்ததும் ஓரங்கட்டினேன்.
சாலை வலப்பக்கம்தான் சரிவு, அது காரணமில்லை.
காற்றும் இல்லை.
டயர் இருக்கிறது. என் தோள் இருக்கிறது.
பெட்டியைத் திறந்தேன்.
ரெண்டு லிட்டர் பெப்சி, இடப்பக்கம் நின்றுகொண்டு.

வலப்பக்கம் வைத்தேன்.
அதை மட்டும்.
முதல் கியர்.